குடும்பம் இருந்தால்தான் வீடு

அம்மான் நகரில் இருபத்தாறு வருடமாக வீடு வாங்கவும் விற்கவும் தரகு வேலை பார்க்கிறேன். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றால் போதும், வந்திருக்கும் குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பெண்கள் நேராகச் சமையலறைக்குப் போவார்கள். குளிர்காலத்தில் அங்கே வெயில் விழுமா என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். டீசல் விற்கிற விலைக்கு எங்களுக்கு வெயில்தான் பாதிக் கணப்பு. ஆண்கள் மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிகளைத் தட்டிப் பார்ப்பார்கள், வாரத்தில் எந்தக் கிழமை தண்ணீர் வரும் என்று விசாரிப்பார்கள். மாமியார் கூட வந்திருந்தால் விருந்தினர் அறையை விட்டு நகரவே மாட்டார். ஒரு துக்கம் என்றால் எத்தனை பேர் உட்காரலாம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார். எல்லாம் முடிந்து படி இறங்கும்போதுதான் உண்மையான கேள்வி வரும், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அக்கம்பக்கமெல்லாம் எப்படி? குடும்பங்கதானே?"

"எல்லாம் குடும்பங்கதான்" என்பேன். பாதி வியாபாரம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

சுஹாத் டீச்சர் என்னிடம் வந்தது ஒரு அக்டோபர் மாதம். ஐம்பத்திரண்டு வயது. குவைத்தில் பத்தொன்பது வருடம் கணக்குப் பாடம் நடத்திவிட்டு அந்தக் கோடையில்தான் ஊர் திரும்பியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அனுப்பிய சம்பளத்தில் தாய் தகப்பனுக்கு வைத்தியம் பார்த்தார், தம்பி நிதாலைப் படிக்க வைத்தார், அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தார். பெற்றவர்கள் போய்விட்டார்கள். இப்போது தம்பி குடியிருக்கும் தரைக்கடியிலான வாடகை வீட்டில், அவனுடைய மூன்று பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் தபர்பூர் பகுதியில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றைக் காட்டினேன். அவர் சமையலறைக்குப் போகவில்லை. தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் கட்டடத்துக் காவல்காரரும் வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தவர் கண்கள் சிவந்திருந்தன.

"சத்தமே கேக்கலை" என்றார். "இதையே வாங்கிக்கறேன், அபூ ஸாஹிர்."

கட்டடத்துக்கென்று ஒரு குடியிருப்போர் குழு இருந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். எங்களை உட்காரவைத்து ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்தார்.

"கூட யாரு இருப்பாங்க?"

"நான் மட்டும்தான்."

"விருந்தாளிங்க?"

"பாடம் கேக்கப் பொண்ணுங்க வருவாங்க."

"பொண்ணுங்களைக் கேக்கலம்மா. ஆம்பளைங்க வருவாங்களான்னு கேட்டேன்."

டீச்சர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சாயங்காலம் வீட்டுக்காரர் எனக்கு போன் செய்து, விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரமே அதை ஒரு புது ஜோடிக்கு விற்றார்.

இரண்டாவது இடத்தில் ஒரு பெண்மணி என்னைத் தனியாக அழைத்தார். "நல்லவங்கதான், பாத்தாலே தெரியுது. ஆனா நாளைக்கு லிஃப்டுல என் வீட்டுக்காரரும் இவங்களும் மட்டும் ஏறினா என்ன பண்றது சொல்லுங்க?" என்றார். அவருடைய கணவருக்கு எழுபது வயது இருக்கும், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. மூன்றாவது இடத்தில் காரணமே சொல்லவில்லை. நான்காவது இடத்தில் நான் டீச்சரை அழைத்துப் போகாமல் முதலில் நானே விசாரித்தேன்; அதோடு சரி.

விஷயத்தைச் சொல்லி அவரைக் காரில் தம்பி வீட்டில் விடப் போகும்போது அவர் கேட்டார்: "உங்க பில்டிங்ல ஏதாவது காலியா இருக்கா?"

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி மூன்று மாதமாகக் காலியாக இருந்தது. சாவி என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. அதை ஒரு விவாகரத்தான நர்ஸ் கேட்டபோது குழுவில் கூடாது என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் மனைவியும் அதைத்தான் விரும்பினாள்.

"இல்லை டீச்சர்" என்றேன். "எல்லாம் நிறைஞ்சிருக்கு."

அவர் தலையாட்டினார். என்னுடைய குற்றவுணர்ச்சிதானோ என்னவோ, அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"தம்பியைக் கூட்டிட்டு வாங்க. அவர் பேசட்டும். வீடு உங்க பேர்லதான் பதியும். பில்டிங்காரங்களுக்கு ஒரு ஆம்பளை முகம் தெரிஞ்சாப் போதும்."

"நிதாலா?" ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். "கேட்டா வருவான். நல்ல பையன்தான்."

நிதால் நல்ல பையன்தான். அதை இப்போதும் சொல்வேன். நாற்பத்தொரு வயது, டாக்ஸி ஓட்டுகிறவன், சிரித்த முகம். மர்ஜ் அல்ஹமாமில் ஒரு கட்டடத்துக்கு அவனையும் டீச்சரையும் அழைத்துப் போனேன். அங்கே விற்பனைக்கு இரண்டு வீடுகள் இருந்தன; கீழே ஒற்றைப் படுக்கையறை, மூன்றாவது மாடியில் மூன்று படுக்கையறை. கீழ் வீட்டைப் பார்க்க நிதாலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேல் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தான். சமையலறை ஜன்னலைத் திறந்து கையை வெயிலில் நீட்டினான். மாடிக்கு ஏறித் தொட்டியைத் தட்டினான். விருந்தினர் அறையைக் காலால் அளந்தான்.

"அக்கா, இதைப் பாரு. சுவர்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. நம்ம வீட்ல பிள்ளைங்க விடிய விடிய இருமுதுங்க."

"எனக்கு எதுக்குடா மூணு ரூமு?"

"பெரிசா வாங்கினாத்தானே நாளைக்கு வித்தா லாபம்? கேளு, அபூ ஸாஹிர் சொல்லட்டும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய வீடு என்றால் எனக்குத் தரகும் பெரியது. "அவர் சொல்றதும் சரிதான்" என்றேன்.

குழுத் தலைவர் டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "எத்தனை பிள்ளைங்க, அபூ ஃபாரிஸ்?" என்று நிதாலிடம்தான் கேட்டார். எங்களிடையே ஒருவரை மூத்த மகன் பெயரோடு சேர்த்து அபூ இன்னார், உம்மு இன்னார், அதாவது இன்னாரின் தகப்பன், இன்னாரின் தாய் என்று கூப்பிடுவதுதான் மரியாதை. நிதாலின் மூத்தவன் ஃபாரிஸ்.

"மூணு. மூத்தவன் இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு எழுதறான்."

"மாஷா அல்லாஹ். அக்காவும் உங்களோடதானா? ரொம்ப நல்லது. பெரியவங்களை இந்தக் காலத்துல யாரு வெச்சுப் பாத்துக்கறாங்க?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மெல்ல இருமினேன். அவர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

பத்திரம் சுஹாத் பெயரில்தான் பதிவானது. அதில் நான் எந்தத் தவறும் செய்யவில்லை. குடிபோகும் நாளன்று கட்டடத்து ஆட்கள் பார்க்கட்டும் என்று நிதால் தன் குடும்பத்தையும் அழைத்து வந்தான். மெத்தைகள், காஸ் ஹீட்டர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் மேலே ஏறின. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாகப் பேச்சு. ஒரு வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபிறகு அரையாண்டுப் பரீட்சை. பரீட்சைக்கு நடுவில் பழைய வீட்டை நிதால் காலி செய்துவிட்டான், இரண்டு இடத்துக்கு யார் வாடகை கொடுப்பது என்று. டீச்சர் வாடகை கேட்கவில்லை என்பது அவனுக்கு நினைவில் இருந்ததா, தெரியாது.

அழைப்புமணியின் மேல் 'அபூ ஃபாரிஸ்' என்று பெயர்ப்பலகை ஏறியது.

அடுத்த வருடம் மார்ச்சில் டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"வித்துடுங்க, அபூ ஸாஹிர்."

"எதை?"

"என் வீட்டை."

சமையலறையை ஒட்டி வேலைக்காரிக்கென்று கட்டிய ஓர் அறை எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் இருக்கும். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. டீச்சர் அங்கேதான் படுத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க யாரும் போகச் சொல்லலை" என்றார். "ஃபாரிஸ் படிக்க இடம் வேணும்னு ஹனாதி தினமும் பெருமூச்சு விட்டா. மூணாவது நாள் நானே சொன்னேன், நான் அங்க போயிக்கறேன்னு. உடனே முத்தம் குடுத்தா. ஒரு விஷயத்தை வாய் விட்டுக் கேக்காம எப்படி வாங்கறதுன்னு அவளுக்குத் தெரியும்."

ஹனாதி நிதாலின் மனைவி.

"தம்பிகிட்ட நேரா சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. 'உன் வீடு என் வீடு இல்லையா அக்கா?'ன்னான். அவன் பொய் சொல்லலை, நெசமாவே அப்படித்தான் நம்புறான். அதுக்கு என்ன பதில் சொல்றது?"

வாங்க வந்தவர்களை அழைத்துக்கொண்டு போனேன். ஹனாதி எல்லோரையும் இன்முகத்தோடு வரவேற்றாள். தேநீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, மேல்வீட்டுக் குழாய் கசிகிறது என்றாள். கீழ்வீட்டுக்காரர் குடிப்பார் என்றாள். தொட்டித் தண்ணீர் நாலு நாளைக்குக்கூட வராது என்றாள். ஒரு குடும்பம் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டது. அந்தக் குடும்பத்து அம்மா, சமையலறைக் கதவருகே நின்ற டீச்சரைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"என் நாத்தனார். எங்களை வெளியே அனுப்பறதுக்காக விக்கறாங்க" என்றாள் ஹனாதி. குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. "மூணு பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு எங்க போறதுன்னு தெரியலை."

வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். படியில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "அழுகுரல் இருக்கிற வீட்ல என் பிள்ளைங்களைக் குடிவெக்க மாட்டேன்." ஈரம் இருந்தால் சுண்ணாம்பு அடிக்கலாம். இதற்கு என்ன அடிப்பது?

அவர்கள் போனபிறகு டீச்சர் ஹனாதியிடம் கேட்டார்: "இது யாரு வீடு? நீயே சொல்லு."

"உங்க வீடுதான். நான் இல்லைன்னு சொன்னேனா?" ஹனாதி தேநீர்க் கோப்பைகளை அடுக்கினாள். "ஆனா நாங்க இல்லாட்டி உங்களை இந்த பில்டிங் வாசல்ல சேத்திருப்பாங்களா? எங்களைக் காட்டித்தானே வாங்கினீங்க? காரியம் முடிஞ்சதும் போன்னா, நாங்க என்ன வாடகைக்கு எடுத்த சோபாவா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த யோசனையைச் சொன்னவன் நான். காரில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு மரச்சாமான் வியாபாரி வாங்கினார். அவர் சுவர்களைத்தான் பார்த்தார், மனிதர்களைப் பார்க்கவில்லை. "உள்ளே இருக்கறவங்களை நான் பாத்துக்கறேன். அதுக்குத் தக்க விலையைக் குறைச்சிக்கங்க" என்றார். நிறையவே குறைக்கவேண்டி வந்தது. வக்கீல் நோட்டீஸ் போனது. பெருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஃபாரிஸின் தேர்வு முடிவு வருமுன்பே, நிதால் வீட்டைக் காலி செய்தான்.

அன்று அவன் என் அலுவலகத்துக்கு வந்து கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "சின்ன வயசுல அவதான் என்னைத் தூக்கிட்டுப் போயி ஸ்கூல்ல விடுவா" என்றான். "இப்படி மாறுவான்னு நெனைக்கலை." பிறகு டாக்ஸியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவன் பக்கம். சித்தப்பா ஒருவர் டீச்சருக்கு போன் செய்தார். அப்போது டீச்சர் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"உனக்கு யாரு இருக்கா சுஹாத்? நாளைக்கு உன் ஜனாஸாவைத் தூக்க நாலு பேர் வேணாமா?"

"தூக்கறதுக்கு யாராவது கிடைப்பாங்க சித்தப்பா. அதுவரைக்கும் படுக்க இடம் வேணுமில்ல?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து யாரும் அவரை அழைக்கவில்லை.

கையில் மிஞ்சிய பணத்துக்கு அஷ்ரஃபிய்யா மேட்டில் ஒரு சின்ன வீடு வந்தது. நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, ஒரு படுக்கையறை. ஆனால் அங்கேயும் குழு இருந்தது. தலைவர் கீழே மளிகைக் கடை வைத்திருந்தார்.

"இந்தத் தடவை என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"விதவைன்னு சொல்லிடலாம். விதவைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டு நான் பட்டது போதாதா?"

"தம்பி உயிரோட இருந்தார், அதான் வம்பு. செத்துப்போன புருஷன் வந்து ரூமைக் கேக்க மாட்டான் டீச்சர்."

அவர் சிரித்தார். அறிமுகமான நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

காரிலேயே எல்லாம் பேசி முடித்தோம். கணவர் குவைத்தில் கணக்காளர், கார் விபத்து, பன்னிரண்டு வருடமாயிற்று. பெயர் வலீத். இது போதும் என்று நினைத்தோம். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டு, "அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றார். பிறகு சாதாரணமாக, "பிள்ளைங்க?" என்றார்.

நாங்கள் அதை யோசிக்கவில்லை. டீச்சர் என் பக்கம் திரும்பினார். கடைக்காரருக்குப் பின்னால் ஆலிவ் எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தன. வடக்கே உள்ள உம்மு கைஸ் ஊரிலிருந்து வந்த எண்ணெய். டின்மேல் பெரிதாக ஊர்ப்பெயர் எழுதியிருந்தது.

"ஒரு பையன். கைஸ்" என்றேன்.

"எங்க இருக்கான்?"

"கனடாவுல" என்றேன்.

"இன்ஜினியர்" என்றார் டீச்சர், மெல்லிய குரலில்.

"நல்லது, நல்லது. வாங்க உம்மு கைஸ். இது உங்க வீடு மாதிரி" என்றார் கடைக்காரர்.

டீச்சர் பத்திரம் எழுதி, குடிபோய், இப்போது மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கட்டடத்துப் பெண்கள் அவரிடம் அன்பாக இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் மக்லூபா சோற்றைத் தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிள்ளைகள் கணக்குப் பாடம் கேட்க வருகிறார்கள். கேட்ட வீடு கிடைத்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

சென்ற பெருநாளைக்கு நான் பார்க்கப் போனேன். உட்கார்ந்திருக்கும்போது எதிர்வீட்டு அம்மா மஃமூல் என்கிற பேரீச்சம்பழப் பலகாரத்தோடு உள்ளே வந்தார்.

"இந்தப் பெருநாளைக்கும் பையன் வரலையா உம்மு கைஸ்?"

"லீவு கிடைக்கலை."

"மூணு வருஷமாவா லீவு கிடைக்கலை? கோச்சுக்காதீங்க, என் மனசுல பட்டதைச் சொல்றேன். பெத்தவளை இப்படித் தனியா போட்டுட்டு அங்க என்ன வாழ்க்கை? இதெல்லாம் ஒரு பிள்ளையா?"

"உம்மு லைத்!" டீச்சரின் குரல் உயர்ந்தது. "என் பிள்ளையைப் பத்தி அப்படிப் பேசாதீங்க. தினமும் போன் பண்றான். ஒரு நாள்கூடத் தவறுனதில்ல. உங்களுக்கு என்ன தெரியும் அவனைப் பத்தி?"

அந்த அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பலகாரத்தை வைத்துவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நடிச்சேன்னு நெனைக்கிறீங்களா?" என்றார் டீச்சர். "போன மாசம் அவ தங்கச்சி பொண்ணு ஃபோட்டோவைக் காட்டினா. பல் டாக்டருக்குப் படிக்குதாம். அழகா இருந்தது. ரெண்டு நாள் யோசிச்சேன், அபூ ஸாஹிர். கைஸுக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு."

பேச்சை மாற்றி, "ஃபாரிஸ் பாஸ் பண்ணிட்டானா?" என்று கேட்டேன்.

"பண்ணியிருப்பான். கணக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்." எழுந்து கோப்பைகளை எடுத்தார். "யாரும் சொல்லலை."

அவருடன் வேலை பார்த்த டீச்சர்கள் இருவர் இந்த ஊரில் இருக்கிறார்கள். இருபது வருடச் சினேகிதம். அவர்களை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வந்தால் படியிலேயே 'மிஸ் சுஹாத்' என்று கூப்பிட்டுவிடுவார்கள், ஒரே நாளில் எல்லாம் வெளியாகிவிடும் என்று பயம். முதலில் வெளியே எங்காவது சந்தித்துக்கொண்டார்கள். இப்போது அதுவும் இல்லை. அவரைத் தெரிந்தவர்களில் அங்கே போய்வருகிறவன் நான் ஒருவன்தான்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். மூன்றாவது மாடிக் குடும்பம் புது உடுப்புகளோடு படியேறி வந்துகொண்டிருந்தது; தகப்பன், தாய், நாலு பிள்ளைகள்.

"வரேன் உம்மு கைஸ்" என்றேன், அவர்கள் காதில் விழும்படி.

"வாங்க அபூ ஸாஹிர். வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் சுவரோடு ஒதுங்கி, அந்தக் குடும்பத்துக்கு வழிவிட்டேன்.